ஒரு பெயருக்கு இருவர்

கடைத்தெருவில் ஒரே பெயருடைய கடைகள் இரண்டு இருத்தல் புதுமையன்று. வழி தவறி வந்தோரை அடுத்த கடைக்காரரே கைகாட்டி அனுப்பிவைப்பார். இணையத்திலோ ஒரு முகவரி ஒருவருக்கே உரியது. அம்முகவரிகளை வழங்கும் விதியை ஒரு தேசம் மாற்றப் புகுந்தால் எத்துணை வழக்கு எழும் என்பதை அவுஸ்திரேலியாவிற் கண்டோம்.

அந்நாட்டு முகவரிகளின் ஈற்றில் நிற்கும் 'ஏயூ' என்னும் குறி, 1986ஆம் ஆண்டில் மெல்பேண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்ஸ் என்பாரின் பொறுப்பில் விடப்பட்டது. பின்னர் வணிகர் 'கொம்.ஏயூ' என்றும், சங்கத்தார் 'ஓர்க்.ஏயூ' என்றும் பதிந்து வந்தனர். இடையே நிற்கும் சொல்லைக் கொண்டே இது கடையோ சங்கமோ என அறியலாம். 2022 மார்ச் 24ஆம் நாள் முதல் அவ்விடைச்சொல் இன்றியும் பதியலாம் என்றாயிற்று. பெயர் குறுகும், நினைவில் நிற்கும் என்றனர் ஆதரித்தோர். உள்ள பெயரைக் காப்பதற்கே இன்னொரு கட்டணமா என்றனர் மறுத்தோர். இரண்டாவது கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

பழைய பெயர்க்காரருக்கு முன்னுரிமை இருந்தது உண்மையே. ஆனால் செப்டெம்பர் 20ஆம் நாளுக்குள் அவர்களே விண்ணப்பித்தல் வேண்டும். தவறின் யாரும் எடுத்துக்கொள்ளலாம். விடியுமுன் எழுந்து பாண் சுடுபவர் இவ்வறிவித்தலை எங்கே தேடிப் படிப்பார்? சிறு வணிகர் நலன் பேணும் அதிகாரி தவணையை நீடிக்குமாறு கேட்டார். பதிவு நிருவாகம் இசையவில்லை. இதே மாற்றத்தை 2014இல் செய்த பிரித்தானியா, பழைய பெயர்க்காரருக்காக ஐந்து ஆண்டுகள் பெயரை ஒதுக்கி வைத்திருந்தது. ஆறு மாதம் எங்கே, ஐந்து ஆண்டு எங்கே!

ஒரே பெயரை வணிகர் ஒருவரும் சங்கம் ஒன்றும் வைத்திருந்தால் யாருக்குக் கொடுப்பது? 2018 பெப்ரவரி 4ஆம் நாளுக்குப் பிற்படாமற் பதிந்தவர், அதன்பின் பதிந்தவரை முந்துவார். இருவருமே அந்நாளுக்கு முற்பட்டவராயின் தம்முட் பேசித் தீர்த்தல் வேண்டும். இணங்காவிடின் அப்பெயர் எவருக்கும் இல்லை. உரிமையை விடாதிருக்க இருவரும் ஆண்டுதோறும் விண்ணப்பத்தைப் புதுப்பித்து வருதல் வேண்டும். பங்குக் காணியில் உடன்படாத சகோதரர் வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்க, வளவு பற்றை மூடிக் கிடப்பதை யாம் அறிவோம். அப்பெயர்களும் அவ்வாறே கிடக்கும்.