செங்குன்றம் ஏரியிலிருந்து பறந்த கேட்டலினா

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செங்குன்றம் ஏரியில் ஒரு காலத்தில் போர் விமானங்கள் இறங்கின என்றால் இன்று பலரும் வியப்படைவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் படைப்பிரிவு கேட்டலினா என்னும் பறக்கும் படகுகளை அங்கிருந்து இயக்கியது. வங்கக் கடலைக் கண்காணிப்பது அவற்றின் முதன்மைப் பணி. அக்கடலின் கீழ்ப்புறத்தில் நம் தீவுகள் 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் வசம் இருந்தன. ஆகவே ஹட் பேயில் வாழும் நாம் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒன்றைச் செய்ய விரும்பினால், கேட்டலினாவைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அசல் விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 31.7 மீட்டர். 72இல் ஒரு பங்கு அளவில் அது 44 சென்டிமீட்டர் ஆகிறது. பெட்டியைத் திறந்தால் உறுப்புகள் அனைத்தும் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்களைப் போல் தொங்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்த பின்னரே ஒட்ட வேண்டும். இதற்கான பசை பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இணைக்கிறது. ஒரு துளி மிகுந்தால் மேற்பரப்பு கெடும். (நோட்டு எண்ணும் காசாளரின் நிதானம் இங்கே உதவும்.) தீப்பற்றக்கூடிய பசை விமான அஞ்சலில் வராது, கப்பலில்தான் வர வேண்டும். பொறுமைப் பயிற்சி அப்போதே தொடங்கிவிடுகிறது.

கேட்டலினாவின் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் உண்டு. இருபது மணி நேரத்திற்கும் மேல் பறக்கக்கூடிய விமானத்தில், வீரர்கள் கடலைப் பார்த்தவாறு அமர்ந்திருந்த இடம் அது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து சென்ற ஒரு கேட்டலினா, ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய பின் சுட்டு வீழ்த்தப்பட்டது. தலைமை விமானி லெனார்ட் பர்ச்சால் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு நீங்கியிருந்தன. அக்குமிழ்களை வெள்ளைப் பசையால் ஒட்டுவதே நன்று. பிளாஸ்டிக் பசையின் ஆவி அவற்றை மங்கச் செய்துவிடும்.

அடுத்தது சின்னம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுப்பகுதி சிவப்பு. ஜப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். தொலைவிலிருந்து பார்க்கும் பீரங்கி வீரர், தம்மவரையே சுட்டுவிட இது போதுமானது. எனவே 1942 முதல் இப்பகுதியில் சிவப்பை நீக்கி, கருநீல வட்டத்தின் நடுவே வெள்ளையும் பின்னர் வெளிர்நீலமும் தீட்டினர். பெட்டியோடு வரும் சின்னங்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் கடலில் பறந்த விமானங்களுக்கு உரியவை. அவற்றை அப்படியே ஒட்டியவர், செங்குன்றம் விமானத்தைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது நமக்கு உடன்பாடில்லை. ஒரு சிறு வெள்ளை வட்டம் வெட்டி நடுச் சிவப்பை மறைக்கச் சில நிமிடங்களே ஆகும்.

சக்கரம் உள்ள வகை, இல்லாத வகை என இரண்டும் விற்பனையில் உண்டு. ஏரியில் இறங்கியவற்றுக்குச் சக்கரம் இல்லாத வகையே பொருந்தும். பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்குக. நம் தீவின் ஈரக் காற்றில் வண்ணம் எளிதில் உலராது. பூச்சு வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வைத்துக்கொள்வது நலம்.