துடைத்தால் 'டிங்!'

குட்டீஸ்... "அந்த அறையைக் கொஞ்சம் பெருக்கிடு கண்ணு" என்று அம்மா சொன்னால் என்ன ஆகும்? திடீரென்று வயிறு வலிக்கும். ஹோம் ஒர்க் ஞாபகம் வரும். துடைப்பம் இருக்கும் இடமே மறந்து போகும்!

ஆனால், அதே பெருக்குகிற, துடைக்கிற வேலையை கம்ப்யூட்டரில் செய்வதற்காகக் காசு கொடுத்து 'கேம்' வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சுடுவது இல்லை, துரத்துவது இல்லை, ரேஸ் இல்லை. சுத்தம் செய்வது மட்டும்தான் விளையாட்டு! இதில் அப்படி என்ன இருக்கிறது? பார்க்கலாமா?

வாளியும் வாட்டர் கன்னும்

போலந்து நாட்டில் தயாராகி, 2018-ல் வெளிவந்தது 'ஹவுஸ் ஃப்ளிப்பர்'. பாழடைந்த வீடு ஒன்றை நீங்கள் வாங்க வேண்டும். உள்ளே போனால் குப்பை, கறை, கரப்பான் பூச்சி! தரையைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து, சுவருக்குப் பெயின்ட் அடித்து, அழகாக்கி விற்க வேண்டும். அந்தக் காசில் அடுத்த பாழடைந்த வீடு!

இன்னொன்று 'பவர்வாஷ் சிமுலேட்டர்'. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் உள்ள ஃபியூச்சர்லேப் நிறுவனத்தின் தயாரிப்பு. 2022 ஜூலையில் முழுமையாக வெளிவந்தது. பைக்குக்கு 'வாட்டர் சர்வீஸ்' செய்யும் கடையில், 'புஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி ஒன்றைப் பார்த்திருப்பீர்களே... அதுதான் இந்த கேமில் உங்கள் ஆயுதம். மக்கிங்ஹாம் என்ற கற்பனை ஊரில், அழுக்கேறிய வேன், தோட்டம், வீடு என்று ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். அவ்வளவுதான் கதை!

ஆஸ்திரேலியாவில் உருவான 'அன்பேக்கிங்' இவற்றுக்குத் தங்கச்சி மாதிரி. 2021-ல் வந்தது. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய பெட்டிகளைப் பிரித்து, பொருட்களை அடுக்கி வைக்க வேண்டும்.

ஏன் பிடிக்கிறது?

வீட்டில் செய்தால் கசக்கும் வேலை, திரையில் ஏன் இனிக்கிறது? கேம் செய்தவர்கள் சில தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

* எவ்வளவு வேலை முடிந்தது என்று சதவீதம் காட்டும். 40... 41... 42... ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் நிறுத்த மனசு வராது.

* வேலிக் கம்பி ஒன்றை முழுசாகக் கழுவி முடித்தால் 'டிங்!' என்று ஒரு சத்தம். கம்பியும் ஒரு முறை மின்னும். அது ஒரு சின்ன சபாஷ்!

* எங்கே அழுக்கு மிச்சம் என்று தெரியவில்லையா? ஒரு பட்டனைத் தட்டினால், மிச்ச அழுக்கு தானாகப் பளிச்சிட்டுக் காட்டும்.

* அவசரம் இல்லை. 'டைம் முடிஞ்சது' என்று யாரும் விரட்ட மாட்டார்கள். தோற்பதும் இல்லை.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டுத் தரையைத் துடைப்பீர்கள். ஈரம் காய்வதற்குள் தம்பி செருப்புக் காலோடு நடந்து போவான். சதவீதம் இல்லை, 'டிங்' இல்லை. "மூலையில் அப்படியே இருக்கு பார்" என்ற குரல் மட்டும் வரும்!

உண்மையிலேயே இந்த விளையாட்டு மனசுக்கு இதமாக இருக்கிறதா என்று, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 'பவர்வாஷ் சிமுலேட்டர்' விளையாட்டுக்குள்ளேயே அவ்வப்போது, 'இப்போது உங்கள் மனநிலை எப்படி?' என்று கேட்கும்படி ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள். 39 நாடுகளைச் சேர்ந்த சுமார் 8,700 பேர் பதில் சொன்னார்கள். 2024-ல் முடிவு வெளியானது. 100-க்கு சுமார் 72 பேருக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. அந்த மாற்றம் பெரும்பாலும் முதல் 15 நிமிடங்களிலேயே வந்துவிட்டது!

இதை அப்பா, அம்மாவிடம் சொல்லும்போது, அந்த '15 நிமிடம்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் விளையாடினால் 12 மடங்கு சந்தோஷம் வரும் என்று அர்த்தம் இல்லை!

லாங் பஜார் லெவல்!

சரி, நம் ஊரில் இப்படி ஒரு கேம் செய்தால்? வேலூர் லாங் பஜாரையே ஒரு 'லெவல்' ஆக வைக்கலாம். பக்கத்தில் நேதாஜி மார்க்கெட். எப்போதும் நெரிசல். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் தெருவில் என்னென்ன கிடக்கும்? முட்டைகோஸ் இலை, நசுங்கிய தக்காளி, வாழைச் சருகு, வைக்கோல், காகித டம்ளர், கயிறு, பிளாஸ்டிக் கவர்... 'பவர்வாஷ்' துப்பாக்கியை எடுத்துப் பீய்ச்சினால் ஜோராக இருக்கும். 98... 99... 100. 'டிங்!' தெரு பளபள!

இங்கேதான் ஒரு கேள்வி. அந்த முட்டைகோஸ் இலை எங்கே போனது?

கேமில் அது மாயமாக மறைந்துவிடும். பீய்ச்சிய தண்ணீரும் தேங்காது, சாக்கடை அடைக்காது, தண்ணீர் தீர்ந்தும் போகாது. நிஜமான லாங் பஜாரில் எதுவும் மறையாது. ஒரு தூய்மைப் பணியாளர் குனிந்து பெருக்கி, அள்ளி, வண்டியில் ஏற்றினால்தான் அந்த இலை தெருவை விட்டுப் போகும். போய் வேறோர் இடத்தில் இறங்கும். அங்கே அழுகும், நாறும், அல்லது உரமாகும். மூன்றில் எது என்பதை முடிவு செய்வது யார் தெரியுமா? குப்பையைப் போடுகிற நாம்தான்!

காய்கறிக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் ஒரே கவரில் கட்டிப் போட்டால், அதை ஒருவர் கையால்தான் பிரிக்க வேண்டும். உடைந்த டியூப் லைட், பிளேடு, ஊசி எல்லாம் அதற்குள் இருந்தால்? கேமில் கை கிழியாது. நிஜத்தில் கிழியும்.

குப்பையை வீட்டிலேயே இரண்டாகப் பிரித்து வாங்கினால் என்ன செய்யலாம் என்று செய்து காட்டியவர், வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன். காய்கறி, பழக் கழிவில் மாடு தின்னக்கூடியது மாட்டுக்குத் தீவனம். மாடு போடும் சாணம், சாண எரிவாயுவுக்கு. கடைசியில் மிஞ்சுவது செடிக்கு உரம். காகிதம், பாட்டில், தகரம் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து விற்பனைக்கு. அழுகி நாற வேண்டிய முட்டைகோஸ் இலை பாலாக மாறுகிறது பாருங்கள். எந்த கேமிலும் இப்படி ஒரு 'லெவல்' இல்லை!

சிந்தியவர் யார்?

கேமில் இல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. அந்த வீட்டை அழுக்காக்கியது யார் என்று அதில் யாரும் கேட்பதே இல்லை. ஆனால், நம் பக்கத்தில் இந்தக் கேள்வி டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு... இந்த ஊர்களில் செய்யும் தோலும் ஷூவும் உலகம் முழுக்கப் போகின்றன. உங்களில் பலருடைய அப்பாவோ அம்மாவோ அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்யலாம். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான்.

ஆனால், தோல் பதனிடுவதும் ஒரு பெரிய 'கழுவும்' வேலைதான். அழுகாமல் இருக்க உப்புத் தடவி வரும் தோலைக் கழுவ வேண்டும். பிறகு ரசாயனங்களில் ஊறவைத்து, மறுபடி கழுவ வேண்டும். ஒரு கிலோ தோல் தயாராக சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை என்று நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் குறிப்பிடப்பட்டுள்ளது. தோல் சுத்தமாகிவிடும். கழுவிய தண்ணீர்? உப்பும் ரசாயனமும் கலந்து, நிலத்துக்கும் பாலாற்றுக்கும் போனது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், அதாவது சுமார் 86 ஆயிரம் ஏக்கர், பகுதியாகவோ முழுதாகவோ பயிர் செய்ய முடியாததாக ஆனது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்' என்பது அதில் முக்கியமான விதி. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் இன்றும் இந்த வேலூர் வழக்கைப் படிக்கிறார்கள்!

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்கள் இருந்தும், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், நிலைமையை ஆராயக் குழு அமைக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள்! அழுக்காக்குவது சுலபம். 100 சதவீதம் என்று 'டிங்' கேட்பதற்கு எவ்வளவு காலம் ஆகிறது பார்த்தீர்களா?

யோசித்துப் பார்த்தால், உச்ச நீதிமன்றம் சொன்ன விதி நமக்குப் புதிது இல்லை. பாலைக் கொட்டிவிட்டு நைசாக நழுவும்போது, "யார் சிந்தினது? சிந்தினவங்களே துடைங்க!" என்று பாட்டி சொல்வாரே, அதேதான்!

வீட்டிலேயே விளையாடலாம்!

கேமில் உள்ள நல்ல தந்திரங்களை எடுத்துக்கொள்வோம். அதில் விட்டுப்போனவற்றை நாம் சேர்ப்போம். செலவே இல்லாத ஒரு விளையாட்டு இதோ:

1. சின்ன 'லெவல்' தேர்ந்தெடுங்கள். முழு வீடு வேண்டாம். உங்கள் ஸ்கூல் பை, புத்தக அலமாரியில் ஒரு தட்டு, செருப்பு வைக்கும் இடம்... ஏதாவது ஒன்று போதும்.

2. அந்த இடத்தைப் பத்துக் கட்டமாக மனதில் பிரியுங்கள். ஒரு கட்டம் முடிந்தால் 10 சதவீதம். காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள்.

3. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எவர்சில்வர் தட்டில் ஸ்பூனால் ஒரு தட்டு. 'டிங்!'

4. கடிகாரத்தில் 15 நிமிடம். முடிந்ததும் நிறுத்திவிடலாம். மிச்சம் நாளைக்கு.

5. அரை வாளித் தண்ணீர்தான் அனுமதி. வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கவனியுங்கள்.

6. இரண்டு கூடை வையுங்கள். மக்குவது ஒன்றில், மக்காதது மற்றொன்றில். கண்ணாடி, பிளேடு இருந்தால் நீங்கள் தொடாதீர்கள். பெரியவர்களை அழைத்து, தடித்த காகிதத்தில் சுற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

7. கடைசி லெவல்: குப்பை வாங்க வருகிற அண்ணனிடமோ அக்காவிடமோ, "இது எங்கே போகுது?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். பள்ளியில் நண்பர்களின் பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உஷார்!

கேமில் அடிபடாது. நிஜத்தில் படும். எனவே, பாத்ரூம் கழுவும் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ தொடாதீர்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும். மின்விசிறி துடைக்க ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். ஈரத் துணியால் சுவிட்ச் போர்டைத் துடைக்கவே கூடாது.

என்ன குட்டீஸ், ஸ்பூனும் தட்டும் ரெடியா? முதல் லெவலாக, இன்றைக்கு யார் எதைச் சிந்தினாலும் அவரே துடைக்க வேண்டும் என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள். அப்பா டீயைச் சிந்தினாலும் இதே விதிதான்! ராத்திரி படுக்கும் முன் கணக்குப் பாருங்கள்... எத்தனை 'டிங்' கேட்டது?