அடுக்குமாடியில் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது?

கேமரன் மலையில் வீட்டுக்கு முதல் எதிரி மழை. தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஈரம் எப்போதும் இருக்கும். கூரையில் ஒரு சிறு விரிசலைக் கவனிக்காமல் விட்டால் சுவர் முழுக்கப் பூஞ்சை படரும். கால்வாய் அடைத்தால் தண்ணீர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும். ஆனாலும் நம் அடுக்குமாடிகள் பலவற்றில் புகார் புலனக் குழுவிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம் பழக்கம். நம்மில் பலர் தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே வீடு நிர்வாகத்துடையது. கூரை ஒழுகினால் ஆபீசில் சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். பட்டணத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிய பிறகும் யாரோ ஒரு மானேஜர் வந்து செய்வார் என்று காத்திருக்கிறோம். அப்படி ஒருவர் அங்கே கிடையாது. வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் அங்கே நிர்வாகம்.

முதலில் உங்கள் வீடு எந்த வகை?

தோட்ட வீடு என்றால் பொறுப்பு முதலாளியுடையது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, இதைச் சொல்கிறது. தொழிலாளருக்குத் தரும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதும், போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதும் முதலாளியின் கடமை. புகாரை முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம்.

தாமான்களில் உள்ள தரை வீடு என்றால், ஊராட்சி மன்றம் பொறுப்பேற்றுக்கொண்ட சாலை, கால்வாய், தெருவிளக்கு ஆகியவை மன்றத்தின் வேலை. அதற்குத்தான் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அங்குள்ள குடியிருப்பாளர் சங்கம் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவானது. அது மக்களின் குரலாகப் பேசலாம். ஆனால் சேராதவரிடம் கட்டணம் வசூலிக்கவோ, பக்கத்து வீட்டுக்காரரைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை.

அடுக்குமாடி என்றால் கதை வேறு. அங்கே 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, நடைமுறையில் உள்ளது. தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 ஜூன் 1 முதல் அது அமலுக்கு வந்தது. தனி ஸ்திராத்தா பட்டா வருவதற்கு முன் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பு, பட்டா வந்த பிறகு எம்.சி. எனப்படும் நிர்வாகக் கழகம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் உறுப்பினர் உரிமையாளர்களே. கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, பொதுக் கால்வாய், வளாகத்துக்குள் உள்ள சரிவு ஆகியவை பொதுச் சொத்து. அவற்றைப் பராமரிப்பது இந்த அமைப்பின் சட்டக் கடமை.

கட்டணத்தை நிறுத்தாதீர்கள்

"வேலை நடக்கவில்லை, எதற்குக் காசு கட்ட வேண்டும்?" என்று பலர் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிடுகிறார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் இந்த வழி நம்மையே கட்டிப்போடும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகக் கணக்கில் பாக்கி இருந்தால் அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வாக்குரிமை இல்லை. கேள்வி கேட்க வேண்டியவர்கள் வாக்கை இழந்துவிட்டால், செயற்குழுவை மாற்ற யார் இருப்பார்கள்?

பாக்கிக்கு நிர்வாகம் படிவம் 11 மூலம் 14 நாள் கெடு கொடுக்கலாம். அதன் பிறகும் கட்டாமல் இருப்பது குற்றம்; 5,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே கட்டணத்தைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் உரிமைக்கு அதுதான் ஆதாரம்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

ஒன்று: எழுத்தில் புகார். வாய்ச்சொல்லும் புலனச் செய்தியும் பின்னால் நிற்காது. தேதியுடன் படம் எடுங்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன ஆபத்து, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று நான்கே வரியில் மலாய் மொழியில் எழுதுங்கள். எழுதச் சிரமம் என்றால் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். பத்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்தின் கனம் கூடும்.

மேல் வீட்டிலிருந்து தண்ணீர் கசிகிறது என்றால் அதற்குத் தனி விதி உண்டு. எழுத்துப் புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பார்த்த ஐந்து நாளுக்குள் கசிவின் காரணத்தையும் பொறுப்பாளியையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, பழுது மேல் வீட்டில்தான் என்று சட்டம் கருதுகிறது.

இரண்டு: கணக்கைப் பாருங்கள். "காசில்லை" என்பதே வழக்கமான பதில். அது உண்மையா என்பது தணிக்கை செய்த கணக்கில் தெரியும். உரிமையாளருக்கு அதைப் பார்வையிட உரிமை உண்டு. பராமரிப்புக் கணக்கு வேறு, சேம நிதி வேறு. சாயம் பூசுதல், கூரை மாற்றுதல், மின்தூக்கி போன்ற பெரிய செலவுகளுக்கே சேம நிதி. மாதச் செலவுக்கு அதை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். பாக்கி வைத்திருப்பவர் எத்தனை பேர், அவர்கள்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.

மூன்று: கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டுக்கூட்டங்களுக்கு இடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. விவாதிக்க வேண்டியதைக் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன் எழுத்தில் செயலாளரிடம் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அவசரம் என்றால், மொத்தப் பங்கு அலகுகளில் கால்பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் எழுத்தில் கேட்டு அசாதாரணக் கூட்டத்தைக் கூட்டவைக்கலாம்.

கேமரன் மலையில் பல அடுக்குமாடி வீடுகள் கோலாலம்பூர், ஈப்போக்காரர்களின் விடுமுறை வீடுகள். அவர்கள் கூட்டத்துக்கு வருவது அரிது. கூட்டத்துக்குப் பாதிப்பேர் வேண்டும் என்பது விதிதான். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால், வந்திருக்கும் வாக்குரிமையாளர்களைக் கொண்டே கூட்டம் நடக்கும். அதாவது ஒற்றுமையாக வரும் இருபது குடும்பம் செயற்குழுவையே மாற்ற முடியும். வர இயலாதவர்கள் எழுத்தில் பிரதிநிதியை நியமிக்கலாம். ஆனால் ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் பிரதிநிதியாக இருக்க முடியும். வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்த வாக்கு இல்லை. வீட்டுக்காரர் பிரதிநிதியாக நியமித்தால் அவரும் வாக்களிக்கலாம்.

நான்கு: சி.ஓ.பி. எனப்படும் கட்டட ஆணையர். நிர்வாகம் கூட்டமே நடத்தவில்லை, கணக்கும் காட்டவில்லை என்றால் இவரிடம் போக வேண்டும். பொதுவாக இவரது அலுவலகம் ஊராட்சி மன்றத்தில் இருக்கும். நம் பகுதிக்குத் தானா ராத்தாவில் உள்ள கேமரன் மலை மாவட்ட மன்றத்தில் விசாரியுங்கள். நிர்வாகம் செயலற்றுப்போன இடத்தில் நிர்வாக முகவரை நியமிக்கும் அதிகாரமும் ஆணையருக்கு உண்டு.

ஐந்து: ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம். 250,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளை இது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். கூட்டம் கூட்டு, ஆவணம் கொடு என்று உத்தரவு கேட்கவும் இங்கே வழி உண்டு. அதன் தீர்ப்பை மதிக்காதவருக்கு 250,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முதல் நாளிலிருந்து சேர்த்துவைத்த கடிதம், படம், ரசீது எல்லாம் இங்கேதான் பேசும்.

மலையில் பராமரிப்பு என்பது உயிர்

சாயம் உரிந்தால் அழகு கெடும். சரிவில் கால்வாய் அடைத்தால் உயிரே போகும். 1993 டிசம்பர் 11 அன்று சிலாங்கூர், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவில் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாத வடிகால்களும் பலவீனமான தடுப்புச் சுவர்களும் அந்த விபத்தில் பெரும் பங்கு வகித்தன. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. கடைசியில் 2006-இல், ஊராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதிலிருந்து மலைவாசிகளான நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, விபத்துக்குப் பின் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது என்பதே. தடுப்புச் சுவரில் புது விரிசல், சுவரின் துளைகளில் தண்ணீர் வராமல் நிற்பது, கலங்கல் நீர் கசிவது, மரமோ கம்பமோ சாய்வது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த கூட்டம்வரை பொறுக்காதீர்கள். அன்றே நிர்வாகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மண் நகர்வது போலத் தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

மற்றதெல்லாம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். உங்கள் அடுக்குமாடியின் கடைசி ஆண்டுக்கூட்டம் எப்போது நடந்தது? இந்த வாரமே நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். 15 மாதம் தாண்டியிருந்தால், உங்கள் முதல் கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.