முன் பிறேக்குக்குப் பயப்படலாமா?

இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓடும் எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

லண்டனிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் மாலை ஆறு மணிக்குப் பின்னர் உணவுக்கடை வாசல்களைப் பார்த்தால், வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பொறித்த சிறிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றை ஓடுபவர்களில் எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். பகலில் கல்லூரி, இரவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அந்தக் காசு வீட்டு வாடகைக்கும் உதவுகிறது, ஊரிலுள்ள உறவுகளுக்கும் போய்ச் சேருகிறது.

யுத்தத்திலிருந்து தப்பி வந்த பிள்ளையை இந்நாட்டின் தெருவில் இழக்கக் கூடாது. அதற்கு முதலில் அறிய வேண்டியது வாகனத்தை ஓட்டும் விதத்தை அல்ல, நிறுத்தும் விதத்தை. ஆகவே வலக்கையில் இருக்கும் அந்தச் சிறிய லீவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஊரில் பழகிய பழக்கம்

"முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சுபோடும்." எம்மில் பலர் சைக்கிள் பழகிய நாளிலேயே கேட்ட புத்திமதி இது. சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு ஏறியபோதும் அந்தப் பயம் கூடவே ஏறிக்கொண்டது. காலால் மிதிக்கும் பின் பிறேக் மட்டுமே பிறேக் என்று எண்ணி ஓடியவர்கள் அநேகர்.

அன்று அதில் நியாயம் இருந்தது. மணல் ஒழுங்கைகளிலும் கிரவல் றோட்டுகளிலும் முன்சில்லு இறுகினால் உடனே வழுக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் பெரும் வேகத்தில் போனவையும் அல்ல. பள்ளமும் திட்டியும் நிறைந்த றோட்டில் பின் பிறேக்கே காலத்தை ஓட்டப் போதுமாக இருந்தது.

இங்கு நிலைமை வேறு. றோட்டு தார் போட்டது, வேகம் கூடியது, முன்னால் போகும் கார் சடுதியாக நின்றுவிடும். இங்கு பின் பிறேக்கை மட்டும் நம்புபவர் வாகனத்தின் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கைப் பயன்படுத்தாமலே ஓடுகிறார்.

பாரம் முன்னுக்குப் போகிறது

பஸ் சாரதி சடுதியாகப் பிறேக் அடித்தால் நின்றுகொண்டு போகும் நாம் எல்லோரும் முன்னுக்குச் சாய்கிறோம். மோட்டார் சைக்கிளிலும் அதுவே நடக்கிறது. சும்மா நிற்கும்போது பாரம் இரண்டு சில்லுகளிலும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். பலமாகப் பிறேக் பிடித்தவுடன் முன் போர்க் அமிழும்; உலர்ந்த றோட்டில் பாரத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முன்சில்லுக்குப் போய்விடும். பின்சில்லு பாரமிழந்து மேலோட்டமாக உருளும்.

ரயர் றோட்டைப் பிடிக்கும் பலம் அதன்மேல் இருக்கும் பாரத்தைப் பொறுத்தது. பாரமுள்ள முன்சில்லு நன்றாகப் பிடிக்கும். பாரமில்லாத பின்சில்லில் காலை ஊன்றி மிதித்தால் அது இறுகி, இழுபட்டு, பக்கவாட்டில் வீசும். பின் பிறேக் மட்டும் பிடித்தால், இரண்டும் சேர்த்துப் பிடிக்கும்போது தேவைப்படும் தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும்.

தூக்கி எறியும் என்ற பயத்துக்குக் காரணம் முன் பிறேக் அல்ல, அதைச் சடாரென்று பறித்து இழுப்பதுதான். பாரம் முன்னுக்கு வந்து சேர ஒரு கணம் தேவை. அது வருவதற்கு முன்னரே முழுப் பலத்தில் இழுத்தால் பாரமில்லாத முன்சில்லு இறுகி வழுக்கும். பாரம் வந்தபின் அதே பலத்தில் அமத்தினாலும் சில்லு தாங்கும்.

எத்தனை மீற்றரில் நிற்கும்?

பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலான 'ஹைவே கோட்' தரும் கணக்கைப் பாருங்கள். உலர்ந்த றோட்டில்:

மணிக்கு 20 மைல்: யோசிக்கும் தூரம் 6 மீற்றர், பிறேக் தூரம் 6 மீற்றர், மொத்தம் 12.
மணிக்கு 30 மைல்: 9 மீற்றர், 14 மீற்றர், மொத்தம் 23.
மணிக்கு 40 மைல்: 12 மீற்றர், 24 மீற்றர், மொத்தம் 36.
மணிக்கு 50 மைல்: 15 மீற்றர், 38 மீற்றர், மொத்தம் 53.

யோசிக்கும் தூரம் என்பது, ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போகும்வரை வாகனம் வேகம் குறையாமலே ஓடும் தூரம். பிறேக் தூரத்தைக் கவனியுங்கள். 20 மைலுக்கு 6 மீற்றர், 40 மைலுக்கு 24 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் தூரம் நான்கு மடங்காகிறது. முப்பது மைலில் போகும்போது நிற்பதற்கு ஆறு கார்களின் நீளம் வேண்டும். முன் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் எமது இளைஞர்கள் இந்த ஆறு கார்களையும் மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பிடிக்கும் முறை

மோட்டார் சைக்கிளில் வலக்கை லீவர் முன் பிறேக். கியர் உள்ளவற்றில் இடக்கை லீவர் கிளச், வலக்கால் பின் பிறேக். கிளச் இல்லாத ஸ்கூட்டரில் இடக்கை லீவர்தான் பின் பிறேக். ஐரோப்பாவின் வேறு நாடுகளில் வாழ்ந்துவிட்டு இங்கு வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாடுகள் பலவற்றில் சாதாரண சைக்கிளின் முன் பிறேக் இடக்கையில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் எந்த நாட்டிலும் முன் பிறேக் வலக்கையில்தான்.

அவசரமாக நிறுத்தும்போது செய்யவேண்டியவை ஒழுங்குமுறையாக:

1. அக்சிலேற்றரை முழுதாக மூடுங்கள். முன் பிறேக்கும் அக்சிலேற்றரும் ஒரே கையில் இருப்பதால், பதற்றத்தில் லீவரை இழுக்கும்போதே அக்சிலேற்றரையும் முறுக்கிவிடும் ஆபத்து உண்டு.

2. வாகனம் நிமிர்ந்து நேராக இருக்கட்டும். ஹாண்டில் திரும்பியிருக்கும்போதோ வாகனம் சாய்ந்திருக்கும்போதோ பலமாகப் பிறேக் பிடிக்கக் கூடாது.

3. முதலில் லீவரை அதன் தளர்வு முடியும்வரை இழுத்து, பிறேக் கடிக்கத் தொடங்குவதை விரலால் உணருங்கள். முன் போர்க் அமிழும். அமிழ அமிழ, தேசிக்காய் பிழிவதுபோல் அமத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். எழுதும்போது நீண்ட வேலைபோலத் தோன்றினாலும் பழகிய கைக்கு இது ஒரு நொடிக்குள் முடியும் காரியம்.

4. அதே நேரம் பின் பிறேக்கை மெதுவாக மிதியுங்கள். உலர்ந்த றோட்டில் முன்னுக்கு முக்கால், பின்னுக்குக் கால். ஈரமான றோட்டில் இரண்டுக்கும் சமன். பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்கும் பொதுவான அளவு இதுதான்.

5. முழங்கால்களால் ராங்கை இறுக்கிப் பிடியுங்கள். கைகள் விறைக்காமல் சற்று மடிந்திருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன்சில்லைக் குனிந்து பார்த்தால் சமநிலை குலையும்.

6. நிற்பதற்குச் சற்று முன்னர் கிளச்சை இழுத்து, நின்றதும் இடக்காலை ஊன்றுங்கள்.

முன்சில்லு இறுகி வழுக்குவதை உணர்ந்தால் லீவரை உடனே விட்டு, மறுபடியும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். விடுவதற்கு மனம் ஒப்பாது. ஆனால் சுழலாத சில்லுக்கு வாகனத்தைத் தாங்கும் சக்தி இல்லை. சுழலத் தொடங்கினால்தான் மறுபடி பிடிக்கும்.

விரலுக்குத் தெரியும் நோய்

வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல், தினமும் வாகனத்தை எடுக்கு முன்னர் லீவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இழுத்தவுடன் அது உறுதியாக நிற்க வேண்டும்.

பஞ்சுபோல் அமிழ்கிறதா? டிஸ்க் பிறேக்கானால் பிறேக் ஒயிலுக்குள் காற்றுப் புகுந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை அடித்தபின் இறுகினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். காற்றை வெளியேற்றும்வரை ஓடக்கூடாது.

லீவரை அமத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது லீவருக்குப் பக்கத்திலுள்ள சிலிண்டரின் உள்றப்பர் தேய்ந்திருக்கிறது.

லீவர் உறுதியாக இருந்தும் வாகனம் நிற்க மறுக்கிறதா? பிறேக் பாட்டில் ஒயிலோ கிறீசோ பட்டிருக்கலாம். சங்கிலிக்கு ஒயில் தெளிக்கும்போது டிஸ்க்கில் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கிறதா? டிஸ்க் வளைந்திருக்கலாம். விட்டபின்னரும் சில்லு இறுக்கமாகச் சுழல்கிறதா? மாரியில் றோட்டில் தூவும் உப்பு பிறேக் பிஸ்டனை அரித்து இறுக்கிவிடும். குளிர்காலத்தில் அடிக்கடி கழுவுவது அழகுக்காக மட்டுமல்ல.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டொட் 4' வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். தொடர்ந்து பிறேக் பிடித்துச் சூடாகும்போது ஒயில் கொதித்து ஆவியானால் லீவர் கைபிடி வரை வெறுமனே வந்துவிடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். ஒயில் மட்டம் குறைந்திருந்தால் அதை நிரப்புவதற்கு முன் பாட்டைப் பாருங்கள். பாட் தேயத் தேய மட்டமும் இறங்கும்.

பழைய ஸ்கூட்டர்களில் கேபிளால் இயங்கும் ட்ரம் பிறேக் இருக்கலாம். அதில் லீவர் தூரம் வரை போனால் கேபிள் இழுபட்டிருக்கும், அல்லது உள்ளே கட்டை தேய்ந்திருக்கும். கைநூலில் சொல்லப்பட்ட அளவுக்கு நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ட்ரம் பிறேக்குக்கு நான்கு விரல் பலமும் வேண்டும். நல்ல டிஸ்க் பிறேக்குக்கு இரண்டு விரலே போதும்.

சிறிய கையுடைய எமது பெண்பிள்ளைகள் லீவர் எட்டவில்லை என்று சிரமப்படுவதுண்டு. பல மோட்டார் சைக்கிள்களில் லீவரைக் கைக்குக் கிட்டவாகக் கொண்டுவரும் திருகு இருக்கிறது. கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் வரும்படி லீவரின் சரிவையும் மாற்றலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை. தடித்த குளிர் கையுறை வாங்கும்போது, அதைப் போட்டுக்கொண்டு லீவரை உணர முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மழையும் இலையும்

இந்நாட்டு றோட்டுகளில் வழுக்கும் இடங்கள் சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நனைந்த இரும்பு மூடிகள், வெள்ளைக் கோடுகள், ஒக்டோபரில் உதிரும் இலைக்குவியல், பெற்றோல் நிலையத்துக்கு அருகே சிந்திய டீசல், குரோய்டன் போன்ற இடங்களில் ட்ராம் தண்டவாளம். இவற்றுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, மேலே போகும்போது பிறேக் பிடியாமல் கடக்க வேண்டும். உறைபனி நாளில் வாகனத்தை வீட்டில் விட்டுவிடுவதே புத்தி.

ஏ.பி.எஸ். இருந்தால் போதுமா?

சில்லு இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறையை மோட்டார் சைக்கிளில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ., 1988இல். 2017 முதல் ஐரோப்பாவில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு அது கட்டாயமானது. ஆனால் எமது பிள்ளைகள் ஓடுபவை பெரும்பாலும் 125 சி.சி., 50 சி.சி. வாகனங்கள். 125 சி.சி.யில் ஏ.பி.எஸ்.க்குப் பதிலாக முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் முறை இருந்தாலும் சட்டம் ஏற்கும். 50 சி.சி.க்கு இரண்டுமே கட்டாயமல்ல. பழையதாக வாங்கிய வாகனத்தில் இவை இருக்கின்றனவா என்று கேட்டறியுங்கள். இல்லையென்றால் உங்கள் விரல்தான் ஏ.பி.எஸ்.

பயிற்சி

'எல்' பலகையுடன் றோட்டில் ஓட சி.பி.ரி. என்னும் அடிப்படைப் பயிற்சி அவசியம். 1990இல் தொடங்கிய இப்பயிற்சியின் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும். 'எல்' பலகையுடன் பின்னால் ஆள் ஏற்றவோ மோட்டார்வேயில் ஓடவோ முடியாது. முழு லைசன்ஸுக்கான சோதனையின் முதற்பகுதியில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, பரிசோதகர் சைகை காட்டியவுடன் நிறுத்திக் காட்ட வேண்டும். சி.பி.ரி.யோடு நின்றுவிடாமல் முழு லைசன்ஸ் எடுக்கும்படி எமது இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை ஞாயிறு காலையில் வாகன நெரிசலற்ற இடத்தில், பின்னால் எவரும் வராததை நிச்சயப்படுத்திக்கொண்டு, 10 மைல் வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள். கை பழகியபின் 15, பின்னர் 20. பொதுமக்கள் வந்துபோகும் கார் தரிப்பிடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடந்தான். லைசன்ஸும் இன்சூரன்ஸும் அங்கும் வேண்டும். சாப்பாடு விநியோகிக்கச் சாதாரண இன்சூரன்ஸ் போதாது, அந்த வேலைக்குரிய தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெற்றோருக்கு

பிள்ளை வேலைக்குப் புறப்படும்போது "கவனமாப் போ" என்கிறோம். அத்துடன், "பிறேக்கை இழுத்துப் பாத்தியா?" என்றும் கேளுங்கள். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த "முன் பிறேக்கைத் தொடாதே" என்ற புத்திமதியை இனிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். தேய்ந்த பாட்டை மாற்றக் காசு கேட்டால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டுச் செலவில் பிற்போடக் கூடியவை பல உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.