துளையின் உட்சுவர்

பெரும்போகம் நெருங்கினால் வில்கமுவவில் வயலோடு சேர்ந்து பட்டறைக்கும் வேலை கூடும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரம், வஸ்கமுவ தேசியப் பூங்காவை அண்டிய நெல் விளையும் ஊர் இது. லாண்ட்மாஸ்டரில் ட்ரெய்லரைக் கொளுவும் ஆணி ஆடத் தொடங்கினால், தேய்ந்த துளையை வெல்டிங்கால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைக்க வேண்டும். அந்தத் துளையின் அளவைப் போன வாரம் பார்த்தோம். அளவு சரியாக வந்த துளையிலும் ஆணி சீக்கிரமே ஆடுவது ஏன்?

ஓர் ஈர்க்கின் நுனியை உள்ளே விட்டு இழுத்தால் விடை கையில் தட்டுப்படும். சுவர் முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். ஆணி தொடுவது மேடுகளின் உச்சியை மட்டுமே. ஓட ஓட உச்சிகள் நசுங்கித் தேய்கின்றன, துளை பெருத்துவிடுகிறது. சாதாரண ட்ரில் பிட் விட்டுச்செல்லும் சராசரிச் சொரசொரப்பு பொதுவாக 1.6 முதல் 6.3 மைக்ரோன் வரை. தலைமயிரின் தடிப்போ 70 மைக்ரோன் அளவு. இத்தனை சிறிய மேட்டுக்காகத்தான் இவ்வளவு பாடு.

பழி பெரும்பாலும் பிட்டின் மேல் விழும். ஆனால் ஓட்டும் விதம் மாறினால் அதே பிட் வேறொரு சுவரைத் தரும். மைல்ட் ஸ்டீலில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீற்றர் என்று கொண்டால், 10 மில்லிமீற்றர் ஹைஸ்பீட் பிட் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓட வேண்டும். மெதுவாக ஓட்டினால் இரும்பு வெட்டுமுனையிலேயே ஒட்டி வளர்ந்து, அந்த ஒட்டலே சுவரைப் பிய்த்துக் கீறும். வேகம் மிஞ்சினால் முனை நீலம் பாரித்து மழுங்கும். ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீற்றர் இறங்குவது நல்ல தொடக்கம். கூடினால் வரிகள் ஆழமாகும், மிகவும் குறைந்தால் பிட் வெட்டாமல் உரசும். ஆழத் துளையில் பிட்டை இடையிடையே வெளியே எடுத்து இரும்புச் சுருளை உதறவும் வேண்டும். உள்ளே சிக்கிய சுருளே சுவரைக் கீறிவிடும்.

ஆகச் சுவரை மாற்றக்கூடியவை வேகம், இறக்கம், பிட்டின் முனைக்கோணம், துளைக்கும்போது விடும் எண்ணெய். நான்குக்கும் மும்மூன்று அளவு வைத்தால் 81 சேர்க்கைகள். அத்தனையும் துளைத்துப் பார்க்க எந்தப் பட்டறையிடம் இரும்பும் நேரமும் இருக்கிறது?

9 துளை போதும். வழி கல்கத்தாவில் பிறந்தது. அங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர். ராவ் 1940களில் வகுத்தவை ஆர்த்தோகனல் அரே என்ற அட்டவணைகள். ஜப்பானியப் பொறியியலாளர் கெனிச்சி தகுச்சி 1954-55இல் அதே நிறுவனத்தில் தங்கிப் பணியாற்றினார்; இவ்வகை அட்டவணைகளைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் அவர். ராவ் 2023இல், 102 வயதில் காலமானார். பட்டறைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

அட்டவணையின் நுட்பம் எளிது. ஒவ்வொரு வேகத்திலும் 3 துளைகள். அந்த மூன்றில் மூன்று இறக்கமும், மூன்று கோணமும், மூன்று எண்ணெயும் ஒவ்வொரு முறை வந்துவிடும். ஆகவே வேகத்துக்கு வேகம் சராசரி எடுத்தால், மற்ற மூன்றின் பாதிப்பும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கும். மிஞ்சும் வித்தியாசம் வேகத்தால் வந்தது. மற்றவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு குறை உண்டு. எண்ணெய் இல்லாதபோது மட்டும் வேகம் கெடுதி செய்கிறது என்பது போன்ற கூட்டு வேலைகளை 9 துளைகள் பிரித்துக் காட்டமாட்டா. கணக்கு சொல்லும் சிறந்த சேர்க்கை அந்த ஒன்பதில் இல்லாமலும் போகலாம். அதனால் அந்தச் சேர்க்கையில் பத்தாவது துளையைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பதோடு நிறுத்திக்கொள்வது பாதி வேலை.

பத்தாவது துளையிலும் ஈர்க்கு தடக்கினால், 9.8 மில்லிமீற்றரில் துளைத்து, மீதியைத் துளையின் சுவரைச் சீவி மட்டமாக்கும் ரீமரிடம் விடலாம். அதைப் பின்பக்கம் சுழற்றினால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.