வெண்ணெயும் சுண்ணாம்பும்

சென்ற அரைப் பரீட்சை விடுமுறையில் நம்முடைய பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷங்களாக விற்பனைப் பிரதிநிதியாக இருப்பவர். உடுப்பில் குறைவில்லை, முகத்தில்தான் களையில்லை.

விசாரித்தோம். மாதந்தோறும் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு விதிப்பார்களாம். எட்டினால் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் ஏச்சு. நம் மாணவருக்கும் அவருடைய சகா ஒருவருக்கும் இலக்கு ஒன்றே. ஆனால் மானேஜருக்கு வேண்டியவரான அந்தச் சகாவுக்குக் கிடைத்தது தஞ்சாவூர் நகரம். தெருவுக்குத் தெரு டாக்டர்கள். நம்மவருக்கோ மன்னார்குடி முதல் வேதாரண்யம் வரை ஓயாத பஸ் பிரயாணம். நான்கு வருஷம் அலைந்து அவர் பக்குவப்படுத்திய திருவாரூரும், பலன் தரத் தொடங்கியதும் சகாவின் பங்குக்குப் போய்விட்டது. நட்டவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர். பதவி உயர்வும் அவருக்கே. கேட்டதற்கு, “கணக்கைப் பாரும்” என்றாராம் மானேஜர்.

கணக்கில் பிழையில்லைதான். ஊரைப் பங்கிட்டபோதே அநீதி நடந்து முடிந்துவிட்டதே! ஒரு பிள்ளைக்கு எளிய வினாத்தாளும் இன்னொரு பிள்ளைக்குக் கடினமானதும் கொடுத்துவிட்டு, மார்க்கைக் கொண்டு தராதரம் பேசலாமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுவன்றோ?

இதைச் சட்டமும் ஒப்பவில்லை. 1976-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் ஒன்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதத்தையும் விடுப்பையும் உரிமையாக்கிற்று. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அவர்களையும் தொழிலாளர் என்றே கொள்கிறது. தகுதியைக் கருதாமல் ஒரு சாராருக்குப் பட்சம் காட்டுவதை முறையற்ற செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆயினும் வாய்ப்பேச்சைக் கொண்டு எதை நிரூபிப்பது?

“தம்பி, இலக்கையும் எல்லையையும் வருஷத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கு. ஊரை மாற்றினால் காரணத்தையும் எழுத்தில் கேள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தின் மூலம் கேள்” என்றோம்.

“கேட்கிறேன், சார். ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே? வகுப்பில் நீங்களும் முதல் பெஞ்சைத் தாண்டிக் கேள்வி கேட்டதில்லை” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நாம் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று, கடைசிப் பெஞ்சிலிருந்து கேள்வியை ஆரம்பித்தோம்.