வாசலில் நின்ற அன்பு



2021 ஓகஸ்ட் மாதம். கொவிட் நோயின் மூன்றாம் அலை நம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நாட்கள். பங்கு மக்களுள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் சிகிச்சை நிலையத்தில் இறைவனடி சேர்ந்திருந்தார். அருகிலிருந்து நோயிற்பூசுதல் அளிக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இறுதிச் செபத்தையும் முத்திரையிடப்பட்ட பெட்டிக்குத் தூரத்தில் நின்றே சொன்னேன். சில நாட்களின் பின் அம்மகன் என்னிடம் கேட்டார்: “சுவாமி, ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போவேன். அந்தக் கிழமை எனக்குக் கொஞ்சம் தடிமன் இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருப்பா என்று போனேன். நானா அம்மாவுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்?”

அக்கேள்விக்கு எவராலும் உறுதியாகப் பதில் கூற இயலாது. ஆயினும் ஒன்றை அவருக்குச் சொன்னேன்: அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை. அவரைத் தாயிடம் அழைத்துச் சென்றது அன்பே. அந்த அன்பை இறைவன் குற்றமாக எண்ணமாட்டார்.

ஆனால், அன்று அறியாதவற்றை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அறிவு வந்தபின் கடமையும் கூடவே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் நாள் கொவிட் அவசர நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் அக்கிருமி மறைந்துவிடவில்லை. உருமாறி உருமாறி அலையலையாய் வருகிறது. நோயின் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னரே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது தொற்றக்கூடும். காற்றோட்டமற்ற அறையில் மூச்சோடு கலந்த நுண்துளிகள் நீண்ட நேரம் மிதந்து நிற்கும். இளைஞனுக்கு வெறும் தடிமனாகத் தெரிவது, முதியவருக்கும் நீரிழிவு, இருதய, சிறுநீரக நோயாளருக்கும் உயிராபத்தாகலாம்.

“நாம் கடவுளை நம்புகிறவர்கள், நமக்கு எதுவும் வராது” என்று சிலர் சொல்வதுண்டு. ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, இறைவனைச் சோதித்தல் ஆகாது என்று ஆண்டவர் மறுத்ததை மத்தேயு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். இயேசு தொழுநோயாளரைத் தொட்டாரே என்பாரும் உளர். உண்மைதான். ஆனால் குணமாக்கியபின் அம்மனிதரை அவர் எங்கே அனுப்பினார்? குருவிடம் சென்று தன்னைக் காட்டும்படி அனுப்பினார். நோய் என ஐயுற்றவரை ஏழு நாட்கள் தனியே வைத்து, குரு மீண்டும் பார்க்க வேண்டும் என்பது லேவியர் நூல் 13 ஆம் அதிகாரம் கூறும் ஒழுங்கு. சமூகத்தைக் காக்கும் அந்த ஒழுங்கை, புதுமை செய்த ஆண்டவரே ஒதுக்கிவிடவில்லை.

1576 இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, பேராயர் புனித சார்ல்ஸ் பொரோமியோ தம் மக்களை விட்டு ஓடவில்லை. மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டிருந்த வேளையில் தெருச்சந்திகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். சாளரங்களில் நின்றவாறே அவர்கள் திருப்பலி கண்டனர். விலகியிருந்தாலும் பிரிந்திருக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, காய்ச்சலோ இருமலோ தொண்டை நோவோ கண்டால், ஞாயிறு திருப்பலிக்கு வராது வீட்டில் இருங்கள். கடும் காரணத்தால் வர இயலாதவருக்குத் திருச்சபை அக்கடமையிலிருந்து விலக்களிக்கிறது. குடும்பமாகச் செபிக்கவும் பரிந்துரைக்கிறது. நற்கருணை விரும்பும் நோயாளர் பங்குத் தந்தைக்குத் தகவல் அனுப்புங்கள். நோயாளரைப் பராமரிப்பவரும் நோயாளரும் முகக்கவசம் அணியுங்கள். யன்னல்களைத் திறந்து வையுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சமாதானம் பகிரும்போது கைகூப்பி வணங்கினாலே போதும். தடுப்பூசி பற்றி அயலாரிடமல்ல, வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ மனக்குழப்பமோ கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வைத்தியரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே எனச் சீராக்கின் ஞான நூல் 38 ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது.

விலகி நிற்பதால் முதியோரை மறந்துவிடவும் கூடாது. நோய்க்கு அஞ்சி அவர்களைத் தனிமையில் வாட விடுவதும் அன்பன்று. நாள்தோறும் தொலைபேசியில் பேசுங்கள். மாலையில் அதே வேளையில் இரு வீட்டாரும் செபமாலை சொல்லுங்கள். கஞ்சியையும் மருந்தையும் வாசலில் வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று முகம் காட்டுங்கள்.

அந்த மகன் இன்று அதைத்தான் செய்கிறார். தமக்குத் தடிமன் பிடித்தால், தனித்து வாழும் தம் சிறிய தாயாரின் படலையடியில் உணவுப் பொதியை வைத்துவிட்டு நிற்கிறார். “உள்ளே வா, தம்பி” என்று அவர் அழைக்கிறார். “சுகமானதும் வாறன், சின்னம்மா” என்று இவர் பதிலிறுக்கிறார். தாயிடம் அன்று உள்ளே சென்றதும் அன்பு. இன்று படலையடியில் நிற்பதும் அதே அன்புதான். அது இப்போது அறிந்து அன்பு செய்கிறது.

நம்மையும் நம் வீட்டு முதியோரையும் இறைவன் காப்பாராக. அவர் காக்கும் கரங்களாக நம் கரங்களும் அமைவதாக.